எத்தனையாம் வாங்கு?

முதல் சந்திப்பில் அவர் என் பெயரைக் கேட்கவில்லை. பாரிஸில், ரூ லூயி-பிளாங்க் தெருவில் நான் வேலை செய்த தொலைபேசிக் கடைக்கு ஏதோ வாங்க வந்தவர், என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு ஊரைக் கேட்டார். சொன்னேன். "மிஷன் கோயிலோ?" என்றார். ஓம் என்றேன்.

"எத்தினையாம் வாங்கு?"

எங்கள் பக்கத்தில் பெஞ்சை வாங்கு என்போம். ஊர்த் தேவாலயத்தில் எங்கள் குடும்பம் எந்த வாங்கில் இருக்கும் என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரியவில்லை, பத்து வயதில் ஊரை விட்டு வெளிக்கிட்டவன் நான். அவரே கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார்.

"மூக்கு உம்மடை அப்பப்பான்ரை மூக்கு. ரண்டாம் வாங்கு. வலப்பக்கம், ஹார்மோனியத்துக்குக் கிட்ட."

அன்று மாலையே அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒரு கிழமைக்கு அதையே சொல்லித் திரிந்தேன், முட்டாள்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் எல்லாருக்கும் அவர் செயலாளர் அண்ணை. எங்கள் சகோதரர் சங்கத்துக்கு இருபது வருடத்துக்கு மேல் செயலாளராக இருந்தார். தலைவர்கள் மாறினார்கள், அவர் மாறவில்லை. தகப்பன் ஊரில் உபதேசியார். சைக்கிள் பாரில் மகனை ஏற்றிக்கொண்டு பதினொரு தேவாலயங்களுக்குப் போய் வருவாராம். அந்தப் பதினொரு தேவாலயங்களிலும் முன் வாங்கிலிருந்து பின் வாங்கு வரைக்கும் ஆர் ஆர் இருந்தார்கள் என்பது இவருக்கு மனப்பாடம். அவற்றில் பாதி சண்டையில் இடிந்து போயிற்று. வாங்குகள் விறகாயின. இவருடைய தலைக்குள் மட்டும் ஒன்றும் அசையவில்லை.

சங்கம் எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். பாரிஸில் கத்தோலிக்கத் தமிழருக்குப் பூசை இருந்தது, மாதா இருந்தா, லூர்துக்குப் போக பஸ் இருந்தது. சைவருக்கு ஆவணியில் தேர் இருந்தது. வீதி முழுக்கத் தேங்காய் உடைப்பார்கள். புரட்டஸ்தாந்துக்காரரான எங்களுக்கு என்ன இருந்தது? சுருவச் சிலை இல்லை, தேர் இல்லை, யாத்திரை இல்லை. உணவகங்களில் கோப்பை கழுவிய பதினைந்து பேர் பாரிஸின் ஸ்டாலின்கிராட் பகுதியில் ஓர் அறையில் கூடி ஞானப்பாட்டுப் பாடினார்கள். அதுதான் தொடக்கம். அப்போது வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதால் சகோதரர் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். பிறகு பெண்சாதிமார் வந்தார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள். சங்கம் மட்டும் சகோதரர்களுடையதாகவே நின்றது. பெண்களுக்கு ரோல்ஸ் பொரிக்கிற பொறுப்பு கொடுக்கப்பட்டது.

தேர் இல்லாத குறைக்குச் செயலாளர் அண்ணை ஓர் ஊர்வலத்தைக் கண்டுபிடித்தார். வருடத்துக்கு ஒரு நாள் நாற்பது ஆண்கள் தோளில் நீலப் பட்டி போட்டு, சகோதர அன்பைப் பற்றிய வசனம் எழுதிய பதாகையைப் பிடித்துக்கொண்டு, ஸ்டாலின்கிராட்டிலிருந்து பாடிக்கொண்டு நடப்போம். ஒருமுறை கட்டட வேலைக்காரர்கள் சிலர் எங்களைத் தொழிற்சங்கம் என்று நினைத்து முஷ்டியை உயர்த்திக் கத்தினார்கள். செயலாளர் அண்ணை நின்று, தலை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு நடந்தார். "மரியாதை தெரிஞ்ச ஆக்கள்" என்று எங்களிடம் சொன்னார்.

பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்து சபை ஒன்று தங்கள் ஆலயத்தின் பின் மண்டபத்தைச் சனிக்கிழமை பின்னேரங்களில் எங்களுக்கு விட்டுத் தந்தது. அங்கே இருந்தவை பிளாஸ்டிக் கதிரைகள். அவற்றை அவர் ஊர்க் கோயில் போல வரிசையாக, நடுவில் வழிவிட்டுப் போடச் செய்வார். புதிதாகச் சேருகிற ஒருவரின் வலது கையைப் பிடித்து, அவருடைய குடும்பம் ஊரில் இருந்த வாங்குக்குச் சரியான வரிசையில் கொண்டுபோய் இருத்துவார். அதற்கு வலது கை கொடுப்பது என்று பெயர். முன்னுக்கு இருந்தவன் முன்னுக்கு, பின்னுக்கு இருந்தவன் பின்னுக்கு. வங்கியில் வேலை பார்த்த ஒருவர் ஆறாம் வரிசையில் இருந்தார், வேலையே இல்லாத ஒருவர் முதல் வரிசையில் இருந்தார். இதில் சமத்துவம் இருப்பதாகக்கூட நான் ஒரு காலம் நினைத்தேன். எனக்குக் கிடைத்தது இரண்டாம் வரிசை. அங்கே இருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்.

சாதி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து ஒருநாளும் நான் கேட்டதில்லை. யாராவது அதைச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார். "கிறிஸ்தவனுக்கு உது இல்லை" என்பார். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல் தேவையில்லை. வாங்கு போதும்.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். யுத்தம் முடிந்த காலத்தில் ஒருவரைச் சங்கத்துக்குக் கூட்டி வந்தார்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் எல்லாரையும் ஒரே நாளில் இழந்தவர். மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார், படு என்றால் படுப்பார். செயலாளர் அண்ணை அவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். அதற்கு முன் வழக்கம்போல் கைலேஞ்சியால் கதிரையைத் துடைத்தார்.

"நாலாம் வாங்கு, யன்னல் பக்கம்" என்று தொடங்கினார். "முதல் உம்மடை அம்மா. பனை ஓலை விசிறி ஒண்டு கொண்டு வருவா, பிரசங்கம் நீண்டா விசிறுற சத்தம் கூடும். அவவுக்குப் பக்கத்திலை நீர். பிறகு உம்மடை மனிசி, கண்ணாடி போட்டவ. அவ பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு பாடுவா, எல்லாம் மனப்பாடம்."

அந்த மனுசன் அழத் தொடங்கியவர், ஒரு மணித்தியாலம் அழுதார். அன்றைக்குத்தான் அவர் திரும்பவும் கதைத்தார். நாற்பது ஆண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்தோம். டொக்டரால் முடியாததைச் செயலாளர் அண்ணை செய்தார். அதை நான் என் கண்ணால் கண்டேன். அதனால்தான் பின்னால் நடந்ததை நினைக்க எனக்கு இன்னும் கூடக் கோபம் வருகிறது. தெரியாதவன் செய்தால் மன்னிக்கலாம்.

அவருடைய மனைவி மட்டும்தான் அவரைப் பார்த்துச் சிரிப்பா. "இவருக்கு ஊர் முழுக்க ஆர் எங்கை இருந்தவை எண்டு தெரியும். வீட்டிலை உப்புப் போத்தல் எங்கை இருக்கெண்டு கேட்டுப் பாருங்கோ" என்று ரோல்ஸ் தட்டை வைத்துக்கொண்டு சொல்லுவா. மகள் கலியாணம் முடித்து, புறநகரில் கைதட்டிப் பாடுகிற பெரிய சபை ஒன்றுக்குப் போய்விட்டாள். அது அவருக்குத் தாங்கவில்லை. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "தம்பி, அங்கை ஆரும் இருக்கிறேல்லை. எல்லாரும் நிக்கினம். ஆர் எவர் எண்டு ஒண்டும் விளங்கேல்லை." அதுதான் அவருக்குப் பெரிய பயம்.

இனி கடிதத்துக்கு வருகிறேன்.

அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்வார்கள். நாங்கள் அதை ரெக்கூர் என்போம். இவன் சொல்லும் ஊரிலிருந்துதான் வந்தானா, சொல்லும் ஆள்தானா என்று நீதிபதிகள் சந்தேகப்பட்டால், அறிந்தவர்களின் கடிதம் ஒன்று உதவும். எங்கள் சங்கத்தின் கடிதத்துக்கு வக்கீல்களிடம் நல்ல பெயர் இருந்தது. அவர் தமிழில் சொல்லுவார், நான் பிரெஞ்சில் தட்டுவேன். உதவிச் செயலாளர் என்ற பட்டம் எனக்கு அதற்காகத்தான். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி கட்டாயம் வரும்: இவருடைய குடும்பம் எங்கள் தேவாலயத்தில் இன்ன வாங்கில் இருந்தது. அப்படி ஒரு விவரத்தை ஆரும் கற்பனை பண்ண மாட்டார்கள் என்று நீதிபதிகள் நினைத்திருக்கவேண்டும். பல பேருக்கு விசா கிடைத்தது. எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. இரண்டாம் வாங்கு, வலப்பக்கம்.

ஞானசீலன் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அவனுடைய தகப்பன் சின்னத்துரை எங்கள் தேவாலயத்தில் மணி அடித்தவர். பிரேதக் குழி வெட்டியவரும் அவர்தான். ஞாயிறு காலையில் அவர் மணி அடித்தால்தான் நாங்கள் எல்லாரும் வெளிக்கிட்டு வந்து அவரவர் வாங்கில் இருப்போம். அவருடைய குடும்பம் பக்கத்து விறாந்தையில் பாயில் இருக்கும். சிறுவனாக இருந்தபோது அது எனக்கு வித்தியாசமாகத் தெரிந்ததே இல்லை. காற்றுக்காக இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அவன் பாரிஸுக்கு வந்து சங்கத்தைத் தேடிப் பிடித்தான். புறநகரான வில்லியே லே பெல்லில் ஒரு நண்பனின் வீட்டில் தங்கியிருந்தவன், பஸ்ஸும் ரயிலும் மாறி எல்லாருக்கும் முன்னால் வந்து நாற்பது கதிரைகளையும் வரிசையாகப் போடுவான். எந்த வரிசையில் எத்தனை கதிரை என்று அவனுக்குச் சரியாகத் தெரியும். கூட்டம் தொடங்கியதும் கோப்பி ஊற்றுகிற மெஷினுக்குப் பக்கத்தில் போய் நிற்பான். சங்கத்தில் சேருவதற்கு விண்ணப்பம் கொடுத்திருந்தான். "பரிசீலனையிலை இருக்கு" என்பார் செயலாளர் அண்ணை. மூன்று வருடம் பரிசீலனை. மூன்று வருடமாக விருந்தாளியாக இருந்து கதிரை தூக்கியவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான்.

அவனுடைய வழக்கை முதலில் நிராகரித்தார்கள். அந்த ஊர்ச் சபையைச் சேர்ந்தவன் என்பதை நம்பமுடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். சபையின் ஞானஸ்நானப் பதிவேடு இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. கத்தோலிக்க நண்பர்கள் தங்கள் சுவாமியாரிடம் கேட்கலாம் என்றார்கள். ஆனால் அவர் வேறு சபை, என்னத்தை எழுதுவார்? வக்கீல் கேட்டது எங்கள் கடிதத்தைத்தான். அதுவும் வருகிற மாதத்துக்குள்.

நிர்வாகக் குழு ஏழு பேர். சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்தின் ஒரு மூலையில் இருந்தோம். ஞானசீலன் சேர்ட்டை உள்ளே விட்டு, தலையைப் படிய இழுத்து வந்திருந்தான்.

"அண்ணை, பெரிசா ஒண்டும் வேண்டாம். என்னைத் தெரியும், அந்தக் கோயில் ஆள் எண்டு ரண்டு வரி காணும்" என்றான்.

செயலாளர் அண்ணை கோப்பு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார். "எத்தினையாம் வாங்கெண்டு எழுதுறது?"

அவன் மெதுவாகச் சொன்னான். "மணி அடிச்சது என்ரை அப்பா. உங்களுக்கு நினைவிருக்கும்."

அவர் அவனை நேரே பார்த்தார். பதினொரு தேவாலயங்களை மனதில் வைத்திருந்த மனுசன் சொன்னார்:

"எனக்கு நினைவில்லை."

அவனை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவு சாத்தியதும் நான் கதைத்தேன். என்னுடைய வீரம் அவ்வளவும் அந்தக் கதவு சாத்திய பிறகுதான். "அண்ணை, எனக்குத் தெரியும். நான் அவனோடை படிச்சனான். வாங்கு வரியை விட்டிட்டு எழுதுவம்."

"வாங்கு இல்லாத கடிதம் எங்கடை கடிதமில்லை. ஒருக்கா மாத்தி எழுதினா, பிறகு ஒண்டையும் நம்பமாட்டினம்."

"அப்ப உள்ளதை எழுதுவம். விறாந்தையிலை இருந்தவை எண்டு."

அவர் கோபப்பட்டு நான் கண்டது அந்த ஒரு தரம்தான். "கோயிலுக்கை இடமிருக்க ஒரு குடும்பத்தை வெளியிலை பாயிலை இருத்தினவை எண்டு வெள்ளைக்காரனுக்கு எழுதப்போறீரோ? எங்கடை கையாலை? ஆண்டவற்றை வீட்டைக் கேவலப்படுத்தவோ உமக்கு பிரெஞ்சு படிப்பிச்சது?"

ஆக, நினைவில்லை என்று சொன்ன மனுசனுக்கு எல்லாம் நினைவிருந்தது. பொய்யாக ஒரு வாங்கை எழுத அவருடைய மனச்சாட்சி விடவில்லை. உண்மையை எழுத வெட்கம் விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுசன் வெளியே வாசலில் நின்றுகொண்டிருந்தான். விறாந்தையில் இருத்தியவர்களுக்கு வராத வெட்கம், அதை எழுதுகிறபோது மட்டும் வந்தது.

போதிய அறிமுகம் இல்லாதபடியால் கடிதம் வழங்க இயலாது என்று ஒரு தீர்மானம் வாசித்தார். ஏற்றுக்கொள்பவர்கள் கையை உயர்த்தவும் என்றார். ஆறு கைகள் எழும்பின. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், பெண் சங்கத்துத் தலைவருடைய தங்கை மகள். அதை ஒரு காரணமென்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் கையும் எழும்பியது.

வெளியே போய் அவனுக்குச் சொல்லவேண்டியது உதவிச் செயலாளரின் கடமை. சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. "நீயும் கை தூக்கினியோ?" என்று மட்டும் கேட்டான். நான் நிலத்தைப் பார்த்தேன். அவன் உள்ளே போய்க் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். அது ஒவ்வொரு கிழமையும் அவன் செய்கிற வேலை. ஏழு பேரில் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறகு நான் தனியாக அவனுக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். விறாந்தை, பாய், மணி எல்லாம் எழுதினேன். வக்கீல் வாசித்துவிட்டு, நல்ல கடிதம், ஆனால் உங்கள் சங்கம் ஏன் எழுதவில்லை என்று கேட்டா. நீதிமன்றமும் அதையே கேட்டதாம். ஊரவர்களின் சங்கமே பாரிஸில் இருக்கிறதே, அவர்களுக்கு ஏன் இவனைத் தெரியவில்லை? ரெக்கூர் தள்ளுபடியானது. நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. இரண்டு மாதம் கழித்து ரயில் நிலையத்தில் சோதனையில் பிடித்து, விமான நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற தடுப்பு நிலையத்தில் வைத்தார்கள்.

செயலாளர் அண்ணை போய்ச் சேர்ந்து இப்போது நாலு வருடம். கடைசிக் காலத்தில் சங்கத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். பிள்ளைகள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவருடைய சாவீட்டில் எல்லாரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: ஒருத்தரையும் மறக்காத மனுசன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதுவும் எனக்குப் பழகிய வேலைதான்.

அவரை நினைத்தால் எனக்கு எப்போதும் வருவது ஒரு சனிக்கிழமை. ஞானசீலனைப் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த கிழமை. அன்றைக்குக் கதிரைகளை நாங்களே போட்டோம், வரிசை கோணலாக இருந்தது. பாட்டு முடிந்ததும் அவர் எழும்பினார். நீலப் பட்டியைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினார். எல்லாரும் தலை குனிந்தோம்.

"கிருபையுள்ள பிதாவே, காவலில் இருக்கிற உம்முடைய பிள்ளை ஞானசீலனை நினைத்தருளும். எங்கள் தேவாலயத்தில் இருபத்தாறு வருடம் மணி அடித்த சின்னத்துரையின் இரண்டாவது மகன். தாய் அன்னம்மா. குளத்துக்கு மேற்கே, புளியடி ஒழுங்கையில் கடைசி வீடு. தெற்கு விறாந்தையில், மூன்றாம் தூணோடு பாய் போட்டிருந்து உம்மைத் துதித்த குடும்பம் ஆண்டவரே. எட்டு மாதப் பிள்ளையாக அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளில் அடியேனும் அங்கே நின்றேன். தண்ணீர் பட்டதும் அவன் சிரித்தான்."

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. நடிப்பு இல்லை, அந்த மனுசன் உண்மையாகவே அழுதார். நீதிமன்றம் கேட்ட அவ்வளவும் அதில் இருந்தது. ஊர், ஒழுங்கை, தாய், தகப்பன், ஞானஸ்நானம், கண்ணால் கண்ட சாட்சி. நான் அதைப் பிரெஞ்சில் தட்ட அரை மணித்தியாலம் கூடப் பிடித்திருக்காது.

"ஆமென்" என்றார்.

நாற்பது பேரும் ஆமென் என்றோம். என்னுடைய சத்தமும் அதில் கேட்டது.